காஹாங்கில் பிறந்த ஆதிகால வழக்கம்

ஆதிகால வழக்கங்களுக்குப் பெரும்பாலும் பிறந்த ஊர் தெரியாது. வயதை மட்டும் ஆயிரக்கணக்கில் சொல்வார்கள். குளுவாங் அர்ச்சுனனுக்கு நன்றாகத் தெரிந்த ஆதிகால வழக்கம் ஒன்று உண்டு. அது பிறந்தது காஹாங்கில், ஒரு கோவில் மண்டபத்தின் சமையல்கட்டில். அவருடைய மகள் லோஷினி அப்போது தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வழக்கத்தைப் பெற்றெடுத்தவர் அர்ச்சுனனேதான். பெற்ற பிள்ளை ஊர் சுற்றி வளர்ந்து வந்து, "யாருய்யா நீ, தள்ளி நில்லு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி ஓர் அவமானம் அவருக்கு நேர்ந்தது, அதுவும் சொந்த மகளின் கல்யாணத்தில்.

அர்ச்சுனன் கல்யாண மேடை போடுகிறவர். அப்பா காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டினார். மகன் குலை வெட்டவும் போகவில்லை, தொழிற்சாலைக்கும் போகவில்லை. குளுவாங்கில் மலாய்க் கல்யாணங்களுக்கு மேடை அலங்காரம் செய்துகொண்டிருந்த காக் ரொஹானா என்கிற மலாய் அக்காவிடம் ஏணி பிடிக்கப் போனார். வலைத்துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுவதும், பிளாஸ்டிக் ரோஜாவை நிஜ ரோஜாவே வெட்கப்படும்படி அடுக்குவதும் அங்கே படித்ததுதான். பிறகு தனியாகத் தொழில் தொடங்கியபோது அந்த மலாய் அரண்மனை மேடை அப்படியே தமிழ்க் கல்யாணத்துக்கு வந்தது. நடுவில் ஒரு பிள்ளையாரை வைத்தார், அவ்வளவுதான். "நம்ம பாரம்பரியம்னா பாரம்பரியம்தான்" என்று பெரியவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த வருடங்களில் வடநாட்டு மஞ்சள் பூச்சு வந்தது, மருதாணி இரவு வந்தது, சீனர் விருந்துக்கூடத்துச் சிவப்பு விளக்கு வந்தது. மாப்பிள்ளைக்குக் குதிரை ஒன்றுதான் பாக்கியாக இருந்தது. இப்போது குளுவாங்கில் அதற்கும் ஒருவர் இருக்கிறார்.

தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் "தெரியாது" என்று ஒரு சொல் தமிழில் இருப்பது மட்டும் அவருக்குத் தெரியாது. யார் எதைக் காட்டி அர்த்தம் கேட்டாலும் அந்த நிமிடமே ஓர் அர்த்தம் தயார். மேடையோரம் கண்ணாடிக் குடுவையில் மெழுகுவத்தி ஏன் என்றால் அக்கினி சாட்சி. நுழைவாயிலில் பலூன் வளைவு ஏன் என்றால் பஞ்சபூதத்தில் வாயு. அவர் மனைவி ராஜம்மா பூக்காம்புகளுக்குத் தங்கத்தாள் சுற்றிக்கொண்டே இதையெல்லாம் கேட்டு, தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வாள். "உங்க வாய்க்கு ஒரு நாள் இருக்கு பாருங்க" என்பாள்.

அந்த நாள் காஹாங்கில் வந்தது. கணவனை இழந்த புஷ்பவள்ளி என்பவர் தம் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் அன்பளிப்பை அந்தத் தடவை அர்ச்சுனன் காக் ரொஹானாவிடம் செய்யச் சொல்லியிருந்தார். "வழக்கம்போல" என்றுதான் சொல்லியிருந்தார், வேறு விளக்கம் சொல்லவில்லை. மலாய்க் கல்யாணத்தில் வழக்கம்போல என்றால் புங்கா தெலூர், அதாவது முட்டைப்பூ: தங்கத்தாள் பூக்காம்பில் சின்ன வலைக்கூடு, கூட்டுக்குள் அவித்த முட்டை. கோவில் மண்டபத்தின் சைவச் சமையல்கட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. பெட்டி பெட்டியாக முட்டை. வெளியே நாதஸ்வரம், தாலி ஏறிக்கொண்டிருக்கிறது.

"அலமாக்!" என்று தலையில் கை வைத்த அர்ச்சுனனை ராஜம்மாதான் உலுக்கினாள். அம்மனுக்கு மாலை கட்ட வந்திருந்த எலுமிச்சம்பழங்கள் கூடை கூடையாக ஓரத்தில் இருந்தன. அவர் முட்டையை உருவ, அவள் பழத்தைத் திணிக்க, முட்டை எல்லாம் வேனின் பின்பக்கத்துக்குப் போயிற்று. (இரண்டு வாரம் அவர்கள் வீட்டில் முட்டைக் குழம்புதான்.) கொடுக்க ஆள் வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாம் மேடையைச் சுற்றி நின்றார்கள். கல்யாணப் பெண்ணின் தாயாருக்கு மட்டும் வேலை இல்லை. நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று அவரைச் சாப்பாட்டுக்கூட வாசலோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அர்ச்சுனன் யோசிக்கவில்லை. தட்டைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் விருந்தாளி பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்குத் தம்பி?"

"பொண்ணு மாப்பிள்ள மேல விழுந்த கண்ணெல்லாம் இந்தப் பழத்துல இறங்கியாச்சுங்க" என்றார் அர்ச்சுனன், மூச்சுகூட விடாமல். "தாயார் கையால வாங்கணும். வீட்டுக்குக் கொண்டு போயிடாதீங்க. கார் டயர்ல வச்சி ஏத்திட்டுப் போங்க."

அன்று அந்த மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தில் புரோட்டோனும் பெரோடுவாவும் வரிசையாக எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வெளியேறின. பிள்ளைகள் கை தட்டினார்கள். ஊரே எலுமிச்சை மணந்தது. வாசலில் நின்ற புஷ்பவள்ளியைத் தாண்டாமல் யாரும் வெளியே போக முடியவில்லை. ஒவ்வொருவரும் நின்று, பழம் வாங்கி, "நல்லா நடத்திட்டீங்க அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். காலையிலிருந்து நாற்காலியில் ஒடுங்கிக் கிடந்த அந்த அம்மாள் வாய் நிறையச் சிரித்தார். அதைப் பார்த்த அர்ச்சுனனுக்குத் தாம் சொன்ன பொய் ஒரு புண்ணிய காரியம் என்றே பட்டது.

யாரோ படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டார்கள். அப்புறம் அது அவர் கையில் இல்லை.

பத்து பாகாட்டில் ஒரு துணிக்கடைக்காரர் வீட்டில் பழத்துக்கு மஞ்சள் நூல் சுற்றினார்கள். அங்கிருந்து ஜொகூர் பாரு, அங்கிருந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூர். சிங்கப்பூரில் கார் நிறுத்துமிடத்தில் பழத்தை நசுக்கினால் அபராதம் கட்ட வேண்டிவரும் என்று பயந்தார்கள். அதனால் மேசை மேல் ஒரு பொம்மைக் காரை வைத்து, அதைப் பழத்தின் மேல் உருட்டினார்கள். சென்னையில் அந்தப் படத்தைப் பார்த்த கல்யாண ஏற்பாட்டாளர் ஒருவருக்குப் பொம்மைக் கார் கொஞ்சம் கேவலமாகத் தெரிந்திருக்க வேண்டும். சந்தன மரத்தில் குட்டித் தேர் செய்து ஓட்டினார். தேர் வந்ததும் சோழர் வந்தார். சோழர் வந்ததும் சமஸ்கிருதத்தில் ஒரு பெயர் வந்தது: ஜம்பீர சமர்ப்பணம். (ஜம்பீரம் என்றால் எலுமிச்சைதான்.) லண்டனில் கடையில் வாங்கிய பழத்தின் மேல் விலை ஒட்டு ஒன்று வட்டமாக ஒட்டியிருந்தது. படத்தில் அது பொட்டுப்போலத் தெரிந்ததால், அதற்குப் பிறகு உலகமெங்கும் பழத்துக்குப் பொட்டு வைத்தார்கள். இந்தப் பயணத்தில், எந்த ஊரில் என்று தெரியவில்லை, ஒரு விதியும் ஏறிக்கொண்டது: துணையை இழந்தவர்கள் பழத்தைத் தொடக்கூடாது. இந்த மாதிரி விதிகள் டிக்கெட் வாங்காமலே எந்த வண்டியிலும் ஏறிவிடும். இறக்கிவிடத்தான் ஆள் கிடையாது.

அர்ச்சுனன் இதையெல்லாம் கைப்பேசியில் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ராஜம்மாவும் சிரித்தாள். பிறகு அவளுக்குச் சிறுநீரகம் கெட்டு, ஒரு மழைக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். சிரிப்பதற்கு வீட்டில் துணை இல்லாமல் போயிற்று.

லோஷினி சிங்கப்பூரில் வேலைக்குப் போய், அங்கேயே வேலை பார்த்த பத்து பாகாட் பையன் விஜயேந்திரனை விரும்பினாள். நல்ல பையன். அப்பா விசுவலிங்கம் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி, யாழ்ப்பாணத்து வம்சம். அம்மா தவமணிதேவி. தோட்டத்து வழிவந்த பெண் என்று முதலில் கொஞ்சம் முகம் சுளித்தவர்கள்தான். லோஷினியின் சம்பளமும் படிப்பும் அந்தச் சுளிப்பை நேராக்கிவிட்டன. கல்யாணம் பத்து பாகாட்டில், மேடை அர்ச்சுனனுடையது, சம்பிரதாயம் எல்லாம் "முறைப்படி" என்று பேச்சு.

அந்த முறையைச் சொல்வதற்கென்றே ஜொகூர் பாருவிலிருந்து மோகனதாஸ் வந்தார். மரபு ஆலோசகர். முன்பு காப்புறுதிப் பாலிசி விற்றவர். வராத ஆபத்தைக் காட்டிப் பயமுறுத்தும் பழக்கம் புதுத்தொழிலுக்கும் உதவியது. கதர் ஜிப்பா, உருத்திராட்சம், கையில் ஒரு ஐபேட். விசுவலிங்கம் வீட்டு வரவேற்பறையில் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கினார்.

"கடைசி ஐட்டம் ரொம்ப முக்கியம் சார். இதுக்குப் பேரு ஜம்பீர சமர்ப்பணம். சோழர் காலத்துல கடாரத்துக்குக் கப்பல்ல வந்த கல்ச்சர். பொண்ணோட பெற்றோர் வாசல்ல நின்னு கனி கொடுக்கணும். உங்களுக்கு வைஃப் இல்லாததுனால நீங்க பழத்தைத் தொடக்கூடாது. உங்க தம்பி ஹேமநாதனும் அவர் வைஃபும் நிக்கட்டும்."

அர்ச்சுனன் முதலில் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"தம்பி, இது நான் கண்டுபிடிச்சது."

"எது சார்?"

"இந்த எலுமிச்சம்பழம். காஹாங்ல, ஒரு கல்யாணத்துல. முட்டைக்குப் பதிலா வச்சதுங்க."

"முட்டையோ!" தவமணிதேவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "மிஸ்டர் அர்ச்சுனன், பகிடி விடாதீங்கோ. லண்டன்ல எங்கட அண்ணாவின்ட மகளுக்கு இதைச் செய்தவை. ஆதியில யாழ்ப்பாணத்தில இருந்ததுதானாம்."

"அம்மா, மொதமொதல்ல இதைக் கையால கொடுத்ததே புருசன் இல்லாத ஒரு அம்மாதான். புஷ்பவள்ளி அக்கா. நாந்தான் தட்டைக் கொடுத்தேன்."

மோகனதாஸ் கோபப்படவில்லை. பாடம் புரியாத மாணவனைப் பார்ப்பதுபோல் கனிவாகப் பார்த்தார். "அதான் சார் பாயிண்ட். அப்படின்னா நீங்க செஞ்சது இது இல்ல. ஒரிஜினல பார்த்து யாரோ அரைகுறையா செஞ்ச காப்பி."

அர்ச்சுனன் விடவில்லை. கைப்பேசியை எடுத்து அங்கேயே புஷ்பவள்ளியை அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி மேசை மேல் வைத்தார்.

"அக்கா, உங்க மூத்த பொண்ணு கல்யாணத்துல எலுமிச்சம்பழம் கொடுத்தோமே, நினைவிருக்கா?"

"இல்லாம என்னா தம்பி! நம்ம எஸ்டேட்டுல எங்க ஆத்தா காலத்துல இருந்தே செய்யிறதுதானே. அப்பல்லாம் மாட்டு வண்டி சக்கரத்துல வச்சி ஏத்துவாங்க."

மோகனதாஸ் மாட்டு வண்டியை உடனே ஐபேட்டில் குறித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்கதானே வாசல்ல நின்னு கொடுத்தீங்க?"

"நானா? ச்சீ, நான் ஏன் தொடறேன். தட்டை நான் தொட்டதே இல்ல தம்பி. எங்க சின்னம்மாதான் கொடுத்தாங்க. நீ யார்கிட்டயும் அப்படிச் சொல்லிறாத, என்னா?" அழைப்பு அறுந்தது.

அர்ச்சுனனுக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மாளும் எங்கோ அந்த விதியைக் கேள்விப்பட்டிருக்கிறார். தம் கை பட்ட பழத்தால் மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து பயந்தே, வாழ்க்கையில் வாய்விட்டுச் சிரித்த அந்த ஒரு நாளைத் தூக்கி வேறு ஒருத்தி பேரில் எழுதிவிட்டார்.

"நாங்கள் ஒண்டும் பழங்கால ஆக்கள் இல்லை, சம்பந்தி" என்றார் விசுவலிங்கம் பணிவாக. "ஆனா பிள்ளையளின்ட வாழ்க்கை எண்டு வரேக்கை, ஏன் வீணா?"

இந்த "ஏன் வீணா" இருக்கிறதே, அதை வெல்ல உலகத்தில் வாதம் கிடையாது. அர்ச்சுனன் எழுந்து வந்துவிட்டார்.

ஒரு பழத்துக்காக இவ்வளவா என்று கேட்கலாம். விஷயம் பழம் இல்லை. மனைவி இல்லாதவன் தாரை வார்க்க முடியாது என்பதால் அந்த இடம் முன்பே தம்பி ஹேமநாதனுக்கும் அவன் மனைவிக்கும் போய்விட்டது. பாதபூசைக்கும் அவர்கள்தான். தேங்காய்த் தட்டு தூக்குவது பெண்கள் வேலை. மகளின் கல்யாணத்தில் அப்பன் என்று நிற்க மிச்சம் இருந்தது அந்த வாசல் ஒன்றுதான். வந்தவர்கள் எல்லாம் போகும்போது ஒரு நிமிடம் நின்று முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லும் இடம் அது. மகளும் கிளம்பும்போது அந்த வழியாகத்தான் கிளம்புவாள். அங்கேயும் நிற்கக்கூடாதென்றால் பிறகு மேடை போட்ட ஆள் என்கிற உறவு மட்டுமே மிஞ்சும்.

லோஷினி சமாதானம் சொன்னாள். "விடுங்கப்பா, இதுக்குப் போயி டென்ஷன் ஆகாதீங்க. நீங்க முன்னுக்கு அந்தத் தங்கக் கலர் சோபாவுல உக்காருங்க லா. போட்டோவுல நல்லா வரும்."

அந்தச் சோபா அவருடையதுதான். எந்தக் கல்யாணத்துக்கும் அதை வாடகைக்கு அனுப்புவார். எங்கே வைப்பது என்று தெரியாத பெரியவர்களை உட்கார வைக்கும் இடம் அது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

உண்மையைச் சொல்லியாயிற்று, ஒரு பைசாவுக்குப் பிரயோசனம் இல்லை. உண்மையைவிட அவருக்கு நன்றாகக் கைவந்தது ஒன்று உண்டல்லவா? மோகனதாஸைத் தொலைபேசியில் அழைத்து, ஆயர் ஈத்தாமில் ஒரு காப்பிக்கடைக்கு வரச்சொன்னார்.

"தம்பி, அன்னைக்கு அறியாம பேசிட்டேன். நீங்க சொன்னதுதான் சரி" என்று தொடங்கினார். மோகனதாஸ் பெருந்தன்மையோடு தலையசைத்தார். "ஆனா நீங்க பாதிதான் சொன்னீங்க. மிச்சப் பாதி வெளிய யாருக்கும் தெரியாது."

மோகனதாஸின் ரொட்டி பாதி வழியில் நின்றது. "மிச்சப் பாதியா?"

"சேலை சாட்சி. துணை இல்லாதவன் பழத்தைத் தொடக்கூடாதுங்கிறது உண்மைதான். ஆனா அது சேலை இல்லாம நிக்கிறவனுக்கு. அவ கட்டுன பட்டைத் தோள்ல போட்டுக்கிட்டா, அவளே பக்கத்துல நிக்கிறதா அர்த்தம். அப்ப அவன்தான் கொடுக்கணும். அவன் இருக்க வேற ஒருத்தன் கொடுத்தா, அது அவளைத் தள்ளி வச்ச மாதிரி. பெரிய தோஷம்."

"தோஷமா?" மோகனதாஸின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "எதுல சார் இருக்கு இது?"

"ஓலையில. காஹாங்ல ஒரு பழைய பூசாரி வீட்டுல இருந்துச்சி. வெள்ளத்துல போயிருச்சி."

"ஐயோ! எந்த வருஷத்து வெள்ளம்னு மட்டும் சொல்லுங்க சார். வீடியோவுல போடணும்."

அர்ச்சுனன் வாய்க்கு வந்த வருடத்தைச் சொன்னார். வழக்கமாகப் பொய் சொல்லி முடித்ததும் அவருக்குள் ஒரு குறுகுறுப்பு இருக்கும், சிரிப்பு முட்டும். இந்தத் தடவை இரண்டும் வரவில்லை. அவளே பக்கத்தில் நிற்கிறதாக அர்த்தம் என்று சொன்னபோதே அதை அவரே நம்பிவிட்டார்.

கல்யாணத்தன்று அலமாரியிலிருந்து மயில்கழுத்து நிறத்துப் பட்டு வெளியே வந்தது. அரக்குக் கரை. ராஜம்மாவுக்கு அவர் கூடவே போய்த் தேர்ந்தெடுத்து வாங்கியது. மற்றதையெல்லாம் உறவுக்காரர்களுக்குக் கொடுத்த பிறகும் இதை மட்டும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை, சலவைக்கும் போடவில்லை. மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மோகனதாஸ் ஒலிபெருக்கியில் சேலை சாட்சியின் பெருமையை விளக்கினார். அர்ச்சுனன் ஒரு வாய் காப்பி குடிக்கும் நேரத்தில் சொன்னது அங்கே ஆயிரத்தெண்ணூறு வருடம் பழையதாகியிருந்தது. தவமணிதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரிடம், "எங்கட ஆக்களிட்டையும் இது இருந்திருக்கு, என்ன? அம்மம்மா சொன்ன ஞாபகம்" என்றார். விசுவலிங்கத்துக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

அர்ச்சுனன் எதையும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு பழமாக எடுத்துக் கொடுத்தார். வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள், தோளைப் பார்த்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டார்கள். காக் ரொஹானா பழத்தை வாங்கிக்கொண்டு, "சாந்தேக் லா, அர்ச்சுன்" என்று அழகைப் பாராட்டிக் கன்னத்தில் தட்டினார். கடைசியில் லோஷினி வந்தாள். பழத்தை வாங்கவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு, "அப்பா, அம்மா வாசம் இன்னும் இருக்குப்பா" என்று அழுதாள். அந்த மனிதர் வாழ்நாளில் சொன்ன எல்லாப் பொய்யும் சேர்ந்து அவருக்குக் கொடுத்த வரம் அந்த ஒரு நிமிடம். அவரும் வெட்கமில்லாமல் அழுதார்.

மோகனதாஸ் போட்ட படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. கீழே ஆயிரம் பேர் கைகூப்பினார்கள். நான்கு மாதத்துக்குள் சிரம்பானிலும் சிங்கப்பூரிலும் தோளில் பட்டோடு அப்பாக்கள் நின்றார்கள். அர்ச்சுனன் மறுபடியும் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தார். அப்போதுதான் லாபிஸிலிருந்து செல்லப்பன் என்று ஒருவர் அழைத்தார். இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராம். தொலைபேசி எண்ணை மோகனதாஸிடம் வாங்கியிருக்கிறார்.

"அண்ணே, அடுத்த வாரம் என் மக கல்யாணம். சம்சாரம் தவறி நாளாச்சி. சேலை இல்லாதவங்க வாசல்ல நிக்கக்கூடாதுன்னு மாப்பிள்ள வீட்டுல சொல்லிட்டாங்க. முன்னயாவது ஓரமா நின்னுக்கலாம்னாங்க. இப்ப அதுவும் இல்லையாம்."

"உங்க வீட்டுச் சேலை?"

"பதினாறு முடிஞ்சதும் எல்லாத்தையும் தானம் கொடுத்துட்டேண்ணே. பார்க்க முடியல, அதான் கொடுத்துட்டேன். இப்பிடி ஒண்ணு வரும்னு யாருக்குத் தெரியும்?" அவர் அழுதுகொண்டிருந்தார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக, தமக்காக இல்லாமல் இன்னொருவருக்காக, அர்ச்சுனன் உண்மையைச் சொன்னார். "அண்ணே, கேளுங்க. சேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். எல்லாம் பொய். நான்தான் கட்டிவிட்டேன். ஓலையும் இல்ல, வெள்ளமும் இல்ல. நீங்க போயி சும்மா நில்லுங்க."

அழுகை நின்றது. "என்னாண்ணே சொல்றீங்க?"

"பொய்ங்கிறேன்."

"உங்க மக கல்யாணத்துக்கு மட்டும் உண்மை, எனக்குன்னா பொய்யா?" செல்லப்பனின் குரல் மாறிவிட்டது. "நான் பார்த்தேனே, நீங்க எப்படி அழுதீங்கன்னு. பொய்க்கா அழுதீங்க? பெரியவங்க வச்சதைப் பொய்னு சொல்லாதீங்க, பாவம் பிடிச்சிரும். உங்க சேலையைத் தரச் சொல்லி நான் கேட்டுருவேன்னு பயமா? மனசில்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போங்க."

சேலையைக் கேட்கலாம் என்கிற எண்ணமே அதுவரை அர்ச்சுனனுக்கு வரவில்லை. இப்போது வந்துவிட்டது. உண்மையால் அந்த மனிதரை வாசலில் நிறுத்த முடியாது. மயில்கழுத்துப் பட்டால் முடியும். சண்டை போடத் தெம்பில்லை, சண்டை போட நியாயமும் இல்லை.

"நானே கொண்டாந்து தர்றேண்ணே" என்றார்.

கல்யாணத்தன்று காலையில் லாபிஸுக்குப் போய், பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்ததைச் செல்லப்பன் கையில் கொடுத்தார். செல்லப்பன் மெலிந்த ஆள். சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தோளில் போட்டுக்கொண்டார். அரக்குக் கரை அவர் முட்டி வரைக்கும் தொங்கியது. மாப்பிள்ளை வீட்டார் கும்பிட்டு வழிவிட்டார்கள். அவர் பழம் கொடுத்த அழகும், ஒவ்வொருவர் வார்த்தையையும் தலையாட்டி வாங்கிக்கொண்ட அழகும் நன்றாகத்தான் இருந்தது. அர்ச்சுனனுக்கு நெஞ்சில் எங்கோ நிம்மதியாகவும் எங்கோ நெருப்பாகவும் இருந்தது.

சாப்பிட்டுவிட்டு அவரும் வரிசையில் நின்றார். முன்னால் ஒரு வயதான அம்மாள், லாபிஸ்காரர், செல்லப்பன் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கம் போலும். தோளில் கிடந்த பட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பி, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் பேசினார்.

"இதைத்தான் நம்ம செல்லப்பன் சம்சாரம் ஆசை ஆசையா வாங்குச்சி. தீபாவளிக்கு இதைக் கட்டிக்கிட்டு என் வீட்டுக்குப் பலகாரம் கொண்டாந்துச்சி, கண்ணுக்குள்ளயே நிக்கிது. அதுக்கு இந்தக் கலரு எப்படி எடுப்பா இருக்கும் தெரியுமா?"

அர்ச்சுனன் வாயைத் திறந்தார். வரிசை ஓர் அடி நகர்ந்தது. செல்லப்பன் அவருக்குப் பழத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா" என்றார் அர்ச்சுனன். "அவங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கும்."